பள்ளி மேடையில் நாடகத்துக்குத் தடை, வகுப்பில் பூஜைக்கு வசூல்: எது சரி, யாரிடம் கேட்பது?

கேள்வி இதுதான். ஏற்காடு வட்டாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. போலிச் சாமியார்களைப் பற்றி இருபது நிமிட நாடகம் ஒன்றை ஆண்டு விழாவுக்காகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒத்திகை பார்த்துவிட்டார்கள். ஊர்க்காரர் சிலர் "சாமி விஷயம், மனசு புண்படும்" என்று சொன்னதும் தலைமையாசிரியர் வாய்வார்த்தையாகவே நிறுத்திவிட்டார். அதே பள்ளியில் சரஸ்வதி பூஜைக்கு ஆளுக்கு இருபது ரூபாய் வசூல். "ஒன்றுக்குத் தடை, மற்றொன்றுக்கு வசூல், இது என்ன நியாயம்? பிள்ளைகளுக்குப் பேச்சுரிமை இல்லையா? அமெரிக்காவில் பள்ளியில் பிரார்த்தனையே கூடாதாமே?" என்று ஒரு பெற்றோர் கேட்கிறார்.

அமெரிக்காவை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் எழுதிக் கொடுத்த ஒரே வாக்கியப் பிரார்த்தனையை 1962இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது உண்மை. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்து வந்த மாணவர்களைப் பள்ளி தண்டித்தது தவறு என்று 1969இல் சொன்னதும் உண்மை. ஆனால் அங்கே அரசுக்கும் மதத்துக்கும் நடுவில் சுவர். இங்கே கோயில் உண்டியலை எண்ணுவதே அரசுத் துறை அதிகாரி முன்னிலையில்தான். அந்தச் சுவரை இங்கே தேடினால் கிடைக்காது. நம் சட்டம் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்கிறது: பள்ளி யார் காசில் ஓடுகிறது? பிள்ளை கட்டாயப்படுத்தப்படுகிறதா?

அரசியலமைப்பின் 28ஆவது பிரிவில் மூன்று உட்பிரிவுகள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை அறவே கூடாது, இது முதலாவது. அரசு, மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளோடு மலையில் உள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இதில் அடங்கும். அறக்கட்டளை ஏற்படுத்தி அரசு நிர்வகிக்கும் பள்ளிகளுக்கு விலக்குத் தருவது இரண்டாவது. நம் பக்கம் அது அபூர்வம், விட்டுவிடலாம். மூன்றாவதுதான் அதிகம் பேர் கவனிக்காதது. அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது உதவி பெறும் எந்தப் பள்ளியிலும், சம்மதம் இல்லாமல் ஒருவரைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்க முடியாது. சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும். ஏற்காட்டில் 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற கிறித்தவ சபைப் பள்ளிகளோ, சேலம் டவுனில் உள்ள சிறுபான்மை உதவிபெறும் பள்ளிகளோ, 30ஆவது பிரிவின்படி தங்கள் நிர்வாகத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம், தங்கள் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பிள்ளையை அதில் உட்கார வைக்கவும் பெற்றோர் சம்மதம் வேண்டும். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் "பள்ளியின் அனைத்து நிகழ்ச்சிகளுக்கும் சம்மதம்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதில் போட்ட கையெழுத்தைப் பிற்பாடு எழுத்துமூலம் திரும்பப் பெறலாம். அந்தப் பொடி எழுத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு மார்ச் மாதம் சண்டை போடுகிறவர்கள்தான் அதிகம்.

போதனை எது, பாடம் எது என்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். குருநானக்கின் வாழ்வையும் கருத்துகளையும் பாடமாகப் படிப்பது சமயப் போதனை ஆகாது என்று 1971இல் பஞ்சாபின் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லா மதங்களைப் பற்றியும் பாடம் வைப்பது 28ஐ மீறாது என்று 2002இல் அருணா ராய் வழக்கில் மறுபடி சொன்னது. நமக்கு இது புதிதல்ல. தமிழ்ப் பாடநூலில் தேவாரமும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் அடுத்தடுத்து வருகின்றன, யாரும் மதம் மாறிவிடவில்லை. "இப்பாடலில் வந்துள்ள உவமையை விளக்குக" என்று கேட்டால் அது இலக்கியம். "இதை நாள்தோறும் ஓதுவதால் கிட்டும் பேறு யாது" என்று ஆசிரியர் கேட்டால் கோடு தாண்டியாயிற்று. நூல் ஒன்றுதான், கேட்கும் கேள்வியில்தான் வேறுபாடு.

காலை வணக்கக் கூட்டத்தையும் இதே கண்ணால் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து மனோன்மணீய நாடகத்திலிருந்து எடுத்தது. 1970இல் அரசு அதை ஏற்றபோது வடமொழியைத் தாழ்த்துவதாகத் தோன்றிய வரிகளை விட்டார்கள். பரம்பொருளைச் சொல்லும் வரிகளையும் சேர்த்தே விட்டார்கள். எந்தப் பக்கத்துக்காரர் கேட்டாலும் பிசிறில்லாமல் பாடக்கூடிய வடிவம் அப்படித்தான் கிடைத்தது. எனக்கு இது நல்ல பள்ளிக்கூட புத்தியாகவே படுகிறது. அதற்கு எழுந்து நிற்கக் கட்டாயம் எதுவும் சட்டத்தில் இல்லை என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அதே மாதம் அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 வினாடியில் பாட வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று ஆணை போட்டது.

ஒரு பிள்ளை மதக் காரணம் சொல்லிப் பாட மறுத்தால்? கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்தின் மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி 1985இல் அவர்களை நீக்கியது. நீக்கியது தவறு என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆக, நிற்கச் சொல்லலாம், வாயைத் திறக்க வைக்க முடியாது. இந்தத் தீர்ப்பைத் தலைமையாசிரியர் மேசையில் ஒரு பிரதியாக வைத்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

இப்போது சரஸ்வதி பூஜைக்கு வருவோம். 28(1) தடுப்பது போதனையை. படத்துக்கு மாலை போட்டுச் சுண்டல் கொடுப்பது போதனையா என்று வாதம் செய்ய இடமிருக்கிறது. ஆயுத பூஜையைப் பண்பாடு என்று பார்க்கிறவர்களும் உண்டு. 1968இல் அண்ணா முதல்வராக இருந்தபோதே அரசு அலுவலகங்களில் சாமி படங்களைப் படிப்படியாக எடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை போனது. அலுவலகங்களில் இன்றும் படங்கள் தொங்குகின்றன. எனவே "பூஜை நடந்ததே குற்றம்" என்ற இடத்திலிருந்து தொடங்கினால் வழக்கு இழுத்துக்கொண்டே போகும். வசூலிலிருந்து தொடங்குங்கள். அரசுப் பள்ளியில் வழிபாட்டுக்கென்று பிள்ளைகளிடம் காசு வாங்க எந்த ஆணையும் இல்லை. ரசீது கேளுங்கள், வராது. யார் கொடுக்கவில்லை என்று வகுப்பில் பெயர் வாசித்தார்களா, பொரிகடலை கொடுக்கும்போது கொடுக்காத பிள்ளை வேப்பமரத்தடியில் தனியாக நின்றதா என்று பாருங்கள். கட்டாயம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும், உத்தரவாக நடக்காது. கிறிஸ்துமஸ் குடில் வைத்தாலும் இதே அளவுகோல்தான். ஒன்றுக்கு மட்டும் அளவுகோலைத் தூக்குகிறவர் பேச்சை மற்றவர் கேட்க மாட்டார்.

வெளியாள் வந்து பேசுவது இதைவிடக் கடினமான சிக்கல். 2024 ஆகஸ்டில் சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் "தன்னம்பிக்கைப் பேச்சு" என்று கூப்பிட்ட ஒருவர், முற்பிறவிப் பாவத்தால்தான் உடல் குறை வருகிறது என்கிற அளவுக்குப் போனார். பார்வையற்ற தமிழாசிரியர் எழுந்து கேள்வி கேட்டார். பேச்சாளர் கைதானார், தலைமையாசிரியர் இடமாற்றப்பட்டார். அங்கே பிழை மேடையில் தொடங்கவில்லை. என்ன பேசப்போகிறார் என்று யாரும் எழுதி வாங்கவில்லை. நாடகத்துக்கு மட்டும் ஸ்கிரிப்ட் கேட்கும் பள்ளி, யோகா, மனவளம், ஆளுமை மேம்பாடு என்று வரும் அறக்கட்டளைக்காரரிடம் கேட்பதில்லை. அந்த ஏற்றத்தாழ்வைத்தான் பெற்றோர் சுட்டிக்காட்ட வேண்டும்.

நெற்றிப்பொட்டு, விபூதி, ஹிஜாப், சிலுவை, கைக்கயிறு எல்லாம் தனிக்கதை. சாதிக் கயிறுகளைப் பற்றி 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் அனுப்பிய சுற்றறிக்கை, தனக்குத் தெரியாமல் போனது என்று அமைச்சரே சொன்னதோடு கிடப்பில் போனது. 2023இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த 610 பக்க அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி மூன்றையும் தடுக்கச் சொன்னது, எதிர்ப்பும் உடனே கிளம்பியது. பரிந்துரை வேறு, ஆணை வேறு. அறிக்கையைக் காட்டி ஒரு பிள்ளையின் பொட்டை அழிக்க எந்த ஆசிரியருக்கும் அதிகாரம் இல்லை. கர்நாடகத்து ஹிஜாப் வழக்கில் உச்ச நீதிமன்ற அமர்வு 2022 அக்டோபரில் இரண்டாகப் பிரிந்து தீர்ப்புச் சொன்னது. அதைத் தமிழ்நாட்டுக்குத் தூக்கிவர வேண்டாம்.

சரி, நாடகம். பிள்ளைகளுக்கும் 19(1)(அ) பிரிவின் பேச்சுரிமை உண்டு. ஆனால் பள்ளி மேடை பொதுத்திடல் அல்ல. நேரம், நீளம், வயதுக்கு ஏற்றதா என்பதையெல்லாம் தலைமையாசிரியர் முடிவு செய்யலாம். "மூன்று நாடகங்களுக்குத்தான் நேரம்" என்றால் அது நிர்வாகம். "ஊரில் நாலு பேர் கோபப்படுவார்கள்" என்றால் கதை வேறு. இட ஒதுக்கீட்டைப் பற்றிய ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில், 1989இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஆர்ப்பாட்டம், கலவரம் என்ற மிரட்டலைக் காட்டிப் பேச்சை அடக்குவது, மிரட்டலுக்கு அடிபணிவது ஆகும், பாதுகாப்புத் தருவது அரசின் வேலை.

இன்னும் நம் வாசலுக்கே பக்கத்தில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. பழைய சேலம் மாவட்டத்தில் இருந்து பிரிந்த நாமக்கல்லில், திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட நாவலை எழுதிய அரசுக் கல்லூரி ஆசிரியரை 2015 ஜனவரியில் அதிகாரிகள் அமைதிப் பேச்சுக்கு அழைத்து, புத்தகத்தைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாசில்தார் ஆபீசில் "சரி, விட்டுடறோம்" என்று எழுதிக் கொடுத்த பெற்றோருக்கும் இது பொருந்தும். அந்தத் தாளைச் சட்டமாக நினைத்துப் பயந்துகொண்டிருக்க வேண்டாம்.

இங்கே எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூட நம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் ராமர் உருவத்துக்கு நடந்ததாகச் சொல்லப்பட்ட அவமதிப்பு இன்றும் ஆறவில்லை. 2020இல் ஒரு நடிகர் அதைப் பேசியபோது மறுபடி பற்றிக்கொண்டது. அந்த ஊர்வலத்தைப் படத்தோடு வெளியிட்ட துக்ளக் இதழை அன்றைய அரசு பறிமுதல் செய்தது. ஊர்வலக்காரருக்குச் சுதந்திரம் கேட்டவர்களே பத்திரிகைக்காரரின் சுதந்திரத்தை மறந்த ஊர் இது. அதற்கும் முன்னால், திருச்சியில் பெரியார் பிள்ளையார் சிலை உடைத்த வழக்கில் 1958இல் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: ஒரு நம்பிக்கை அறிவுக்கு ஒத்ததா என்று நீதிமன்றம் அளக்காது, பிறர் புனிதமாக நினைப்பதை மதிக்கத்தான் வேண்டும்.

அப்படியானால் குற்றம் எது? பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆவது பிரிவு, மூன்றாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு ஒரு வகுப்பாரின் மத உணர்வைக் கிளறியிருக்க வேண்டும். வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள அரசின் முன் அனுமதியும் வேண்டும். "கேஸ் போட்டு உள்ளே தள்ளிடுவோம்" என்று மிரட்டுகிறவர் இந்தக் கடைசி வரியைச் சொல்ல மாட்டார்.

ஆகவே ஸ்கிரிப்டை இப்படித் திருத்துங்கள். சாமியின் பெயர், கோயிலின் பெயர், உள்ளூர் ஆளின் சாயல் மூன்றும் வேண்டாம். குறிப்பாக மலையில், சேர்வராயன் கோயில் பூசை முறையையோ மலையாளிப் பழங்குடியினரின் குறி சொல்லும் வழக்கத்தையோ கேலிப்பொருளாக்காதீர்கள். கீழ்நாட்டில் இருந்து வந்தவர் எழுதிய வசனமாக இருந்தால் மத உணர்வோடு போகாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரை பேச்சு வரும். சரியாகச் சொன்னால், கேலிக்குரியது மோசடியின் செய்முறை. அதை மேடையில் செய்து காட்டுங்கள். எலுமிச்சம்பழத்தை அறுத்தால் ரத்தம் வருகிறதே, அதற்கு வேண்டியது பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கிறது. கத்தி அலகில் மெத்தில் ஆரஞ்சுக் கரைசலைத் தடவிக் காயவிட்டால் வெறும் மஞ்சள் கறைபோலத் தெரியும். பழத்தின் புளிப்பு பட்டதும் சிவந்துவிடும். கரைசல் நீர்த்திருந்தால் வெளிர் ரோஜா நிறம்தான் வரும், கடைசி வரிசைக்குத் தெரியாது. இரண்டு மூன்று பூச்சுப் பூசிக் காயவிடுங்கள். அறுத்த பழத்தை யாரும் வாயில் வைக்கக் கூடாது. மஞ்சள் தூளில் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் ஆரத்திச் சிவப்பு வருவது எல்லா வீட்டுக்கும் தெரியும். அதே தட்டில் எலுமிச்சையைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். இதை அடுத்தடுத்துச் செய்தால் கூட்டமே கைதட்டும். தேங்காயில் தானாகத் தீப்பற்றும் வித்தை மட்டும் வேண்டாம். பெர்மாங்கனேட்டும் கிளிசரினும் சேர்ந்தால் எப்போது பற்றும் என்று கையில் இல்லை, குளிரில் தாமதமாகி, பிள்ளை எட்டிப் பார்க்கும் நேரம் பார்த்துப் பற்றும். ஏற்காட்டுக் குளிருக்கு இது நிஜமான ஆபத்து. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ(எச்) பிரிவு சொல்கிறது. கடிதத்தின் முதல் வரியாக அதைப் போடுங்கள்.

பிறகு காகித வேலை. ஸ்கிரிப்ட் இரண்டு பிரதி, விழாவுக்குப் பதினைந்து நாள் முன்பே, ஒன்றில் தேதியோடு பள்ளி முத்திரை. ஆசிரியரை முன்னால் தள்ளாதீர்கள். அரசு ஊழியர் நடத்தை விதி அவர் கழுத்தில் தொங்குகிறது, ஒரு மெமோ வந்தால் அடுத்த வருடம் எந்த ஆசிரியரும் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித்தர மாட்டார். பெற்றோர் கையெழுத்துப் போடட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள்; கல்வி உரிமைச் சட்டம் 21ஆவது பிரிவு. அந்தக் குழுவில் பேசித் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றுங்கள். தலைமையாசிரியர் மறுத்தால் "காரணத்தை எழுதித் தாருங்கள்" என்று மட்டும் கேளுங்கள், சத்தம் வேண்டாம். பள்ளிகளில் நடக்கும் தணிக்கையில் பெரும்பகுதி காகிதமே இல்லாதது. எழுதச் சொன்னதும் பாதி இடத்தில் தடை தானாகக் கரைந்துவிடும், ஏனென்றால் எழுத ஆணை எண் எதுவும் இருக்காது.

எழுதியும் தரவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர் (இடைநிலை), பிறகு முதன்மைக் கல்வி அலுவலர். உண்டு உறைவிடப் பள்ளி என்றால் பள்ளிக் கல்வித் துறைக்கு அனுப்பிப் பயனில்லை, அது பழங்குடியினர் நலத் திட்ட அலுவலரின் கீழ் வருகிறது. தவறான மேசைக்குப் போன மனு ஒரு மாதம் தூங்கும். திங்கட்கிழமை சேலம் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர் நாள், பதிவு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். 14417 பள்ளிக் கல்வி உதவி எண், வசூல் புகாருக்கு அது போதும்.

தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள். "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று எழுதினால் "காரணம் கேட்பது தகவல் ஆகாது" என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: "மேற்படி நாடகத்தை நிறுத்த ஆதாரமான அரசாணை அல்லது சுற்றறிக்கையின் நகல் தருக. பூஜைக்காக மாணவர்களிடம் பெற்ற தொகையின் வரவு செலவுப் பதிவேட்டு நகல் தருக. கடந்த மூன்று கல்வியாண்டுகளில் பள்ளியில் பேசிய வெளியாட்களின் பெயர், தலைப்பு, அனுமதிக் கடித நகல் தருக." மூன்றாவது கேள்விதான் அதிகம் வேலை செய்யும்.

வழிபாட்டிலிருந்து பிள்ளைக்கு விலக்கு வேண்டுகிறவருக்கு நாலு வரி போதும்: "அரசியலமைப்பின் 28(3) பிரிவின்படி, என் மகள் பள்ளியில் நடக்கும் வழிபாட்டிலும் சமய வகுப்பிலும் கலந்துகொள்ள எனக்குச் சம்மதம் இல்லை. முன்பு படிவத்தில் தந்த பொதுச் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். அந்த நேரத்தில் அவள் நூலகத்தில் அமர ஏற்பாடு செய்யக் கோருகிறேன்." இடத்தைக் குறிப்பிடுவது முக்கியம். குறிப்பிடாவிட்டால் பிள்ளையை வராந்தாவில் நிறுத்திவிடுவார்கள், அது தண்டனை போலாகிவிடும்.

எதையும் மறைத்துச் சாதிக்க முடியுமா என்று யோசிக்கிற நிர்வாகிகளுக்கு 2011 ஞாபகம் இருக்கும். ஆட்சி மாறியதும் சமச்சீர் புத்தகங்களில் சில பக்கங்களைக் கிழித்தும், சிலவற்றின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியும், கறுப்பு மை பூசியும் கொடுத்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை புத்தகத்தை வாங்கியதும் முதலில் செய்தது ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பியதுதான். மற்ற பாடமெல்லாம் அப்புறம். 2012இல் மத்தியப் பாடநூலில் இருந்த இந்தி எதிர்ப்புப் போராட்டக் கேலிச்சித்திரத்தை நீக்கச் சொன்னதில் நம் கட்சிகளெல்லாம் ஒரே குரல். கத்தரிக்கோல் எந்தக் கையில் இருந்தாலும் வெட்டுவது ஒரே மாதிரிதான்.

விழாத் தேதி நெருங்கி, பள்ளி மேடை இந்த வருடம் கிடைக்காது என்று ஆகிவிட்டால், அதே நாடகத்தை ஊர்ச் சாவடியிலோ சமுதாயக் கூடத்திலோ பெற்றோர் பெயரில் போடலாம். நாடகத்துக்கு முன் தணிக்கை கேட்ட 1954ஆம் வருடச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாதென்றுவிட்டது. ஸ்டேஷனில் ஸ்கிரிப்ட் காட்ட வேண்டியதில்லை. மைக் செட்டுக்கு மட்டும் அனுமதிக் கடிதம் கொடுத்து, இரவு பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.